'ஈ.பீ.ஏ. அப்ரூவ்ட்' கிருமிநீக்கி மெஷின்: உப்புவெளியில் ஒரு விடுதிக்கு வாங்கலாமா?

உப்புவெளிக்காரன்:
வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலை உப்புவெளியில் ஐந்து அறைகளோடு சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி வைத்திருக்கிறேன். போன மாரியோடு பின்பக்கத்து இரண்டு அறைகளிலும் பூஞ்சண மணம் பிடித்துவிட்டது. பினாயில் போட்டாயிற்று, சாம்பிராணி பிடித்தாயிற்று, போகிறதாக இல்லை. கடந்த வாரம் கொழும்பிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். சூட்கேஸ் அளவில் ஒரு மெஷின். ஓசோன் வாயுவும் யூவீ எனும் புற ஊதா வெளிச்சமும் சேர்ந்ததாம். அறையைப் பூட்டி அரை மணித்தியாலம் ஓடவிட்டால் பூஞ்சணம், வைரஸ், மூட்டைப்பூச்சி எதுவும் மிஞ்சாதாம். விலை 185,000 ரூபா. கூடவே 'ஹொஸ்பிட்டல் கிரேட்' என்று எழுதிய ஐந்து லீட்டர் கான் ஒன்று இலவசம்.

மெஷினின் பின்னால் ஈ.பீ.ஏ. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. "அமெரிக்க அரசாங்கமே அப்ரூவ் பண்ணின சாமான்" என்றார். நானும் 15,000 முற்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது மனைவி, "அமெரிக்காக்காரன் எதைப் பார்த்து அப்ரூவ் பண்ணினவனாம்?" என்று கேட்கிறாள். பதில் தெரியவில்லை. யாருக்காவது விவரம் தெரியுமா?

கொட்பே_மீன்:
அந்த ஆள் துறைமுகப் பக்கமும் வந்தவர். ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் மீன் இரண்டு நாள் கூட நிற்கும் என்றார். மீன் நிற்குமோ தெரியாது, நான் நிற்கவில்லை, நடையைக் கட்டிவிட்டேன்.

ஸ்காபரோக்_குளிர்:
அண்ணை, அவசரப்படாதீர்கள். அந்த ஸ்டிக்கரில் ஈ.பீ.ஏ. என்பதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள். 'ரெஜ். நம்பர்' என்றா, 'எஸ்ட். நம்பர்' என்றா? முழு விஷயமும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

உப்புவெளிக்காரன்:
படம் எடுத்து வைத்திருந்தேன், பெரிதாக்கிப் பார்த்தேன். 'எஸ்ட். நம்பர்'தான். முதலில் ஒரு இலக்கம், நடுவில் சீ.எச்.என். என்று மூன்று எழுத்து, கடைசியில் இன்னொரு இலக்கம்.

ஸ்காபரோக்_குளிர்:
நினைத்தேன். நான் இங்கே கனடாவில் கட்டடத் துப்புரவுச் சாமான்கள் இறக்குகிற ஒரு கம்பனியில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். இந்த ஸ்டிக்கர் கதை எங்களுக்கு நித்திய பூசை.

அமெரிக்காவில் மேசை, தரை, சுவர் போன்ற இடங்களில் கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்கிற திரவம் எதுவும் சட்டத்தின் கண்ணில் பூச்சிகொல்லி. சிரிக்காதீர்கள், உண்மை. 1947இல் வந்த பூச்சிகொல்லிச் சட்டத்துக்குள்தான் பக்டீரியாவும் வைரஸும் கரப்பானோடு சேர்ந்து நிற்கின்றன. அப்படிப்பட்ட திரவத்தை விற்பதற்கு முன்பே ஆய்வுகூடத் தரவுகளைச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்திடம், அதாவது ஈ.பீ.ஏ.யிடம், கொடுக்க வேண்டும். எந்தக் கிருமி, எவ்வளவு செறிவு, மேற்பரப்பு எத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும், எல்லாம் பார்த்த பிறகே பதிவு இலக்கம். அதுதான் 'ரெஜ். நம்பர்'. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு வெளியிட்ட 'லிஸ்ட் என்' பட்டியலில் இருந்தவை இப்படிப் பதிவான திரவங்கள்தான்.

மெஷின் கதை வேறு. யூவீ விளக்கு, ஓசோன் பெட்டி போன்று பௌதிக முறையில் வேலை செய்பவற்றை அவர்கள் 'சாதனம்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். சாதனத்துக்குப் பதிவு கிடையாது. விற்பதற்கு முன் வேலை செய்கிறதா என்று யாரும் சோதிப்பதும் கிடையாது. உற்பத்தி செய்கிற தொழிற்சாலையை மட்டும் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தொழிற்சாலையின் இலக்கம்தான் 'எஸ்ட். நம்பர்'. நடுவில் உள்ள சீ.எச்.என். சீனாவைக் குறிக்கும். ஆக, உங்கள் ஸ்டிக்கர் சொல்வது 'இந்தப் பெட்டி சீனாவில் இன்ன இடத்தில் செய்யப்பட்டது' என்பதை மட்டும். வீட்டு இலக்கத்தைக் காட்டிக் காணி உறுதி என்று சொன்ன மாதிரி.

இன்னொரு வேடிக்கை. முறையாகப் பதிவான திரவத்தின் லேபிளில்கூட 'அரசாங்கம் பரிந்துரைத்தது' என்ற பொருள் வரும்படி எழுதக் கூடாது. அதைப் பொய் லேபிள் என்றுதான் அவர்களுடைய விதி வகைப்படுத்துகிறது. 'ஈ.பீ.ஏ. அப்ரூவ்ட்' என்று பெரிய எழுத்தில் கண்டாலே எனக்கு நெற்றி சுருங்கும்.

உப்புவெளிக்காரன்:
அப்படியென்றால் மெஷின் வேலை செய்யாதா?

பழைய_லாப்:
தம்பி, வேலை செய்யும், செய்யாது என்று ஒரே வாயால் சொல்ல முடியாது. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் இருந்தவன், பாதுகாப்பு அலுமாரிக்குள் யூவீ குழாய் போட்டு வேலை செய்திருக்கிறேன். 254 நனோமீற்றர் அலைநீளத்தில் வருகிற அந்த வெளிச்சம் கிருமியின் டி.என்.ஏ.யைச் சிதைக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வெளிச்சம் நேராகப் பட வேண்டும். கட்டில் காலின் மறுபக்கம், தலையணை மடிப்பு, திரைச்சீலைக்குப் பின்னால், இங்கெல்லாம் நிழல். நிழலில் இருக்கிற கிருமி சுகமாக இருக்கும். தூரம் கூடக் கூட வலிமை குறையும். குழாயில் தூசி படிந்தாலும் குறையும். உங்கள் பூஞ்சணம் சுவருக்குள் ஊறியிருக்கிறது, அந்த வெளிச்சம் பூச்சைத் துளைத்துக்கொண்டு போகாது.

இதற்குள் கண்ணையும் கவனிக்க வேண்டும். எங்கள் இடத்தில் ஒரு பொடியன் குழாய் எரிகிறது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முன்னால் நின்று வேலை பார்த்துவிட்டான். அன்றிரவு கண்ணுக்குள் மணலைக் கொட்டிய மாதிரி இருக்கிறது என்று அழுதுகொண்டு வந்தான். 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கையில் பிடிக்கிற சில யூவீ கோல்களைப் பெயர் சொல்லியே எச்சரித்தது. சில விநாடியிலேயே தோலையும் கண்ணையும் சுடக்கூடிய அளவு கதிர் வருகிறது என்று.

ஓசோன் இதைவிட மோசமான வியாபாரம். மனிதருக்குப் பாதுகாப்பான அளவில் விட்டால் அது கிருமியை ஒன்றும் செய்யாது. கிருமியைக் கொல்கிற அளவுக்கு விட்டால் மனிதர் அந்த அறையில் இருக்க முடியாது. கலிபோர்னியாவில் வீட்டுக்குள் வைக்கிற காற்றுச் சுத்திகரிப்பான்கள் 0.050 பீ.பீ.எம்.முக்கு மேல் ஓசோன் விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உங்கள் மெஷின் எவ்வளவு விடுகிறது என்று அந்தப் பிரதிநிதியிடம் கேட்டுப் பாருங்கள். ஓசோன் இறப்பரையும் தின்னும். மெத்தை இறப்பர் நுரையா?

உப்புவெளிக்காரன்:
ஆம் ஐயா. ஐந்தும் இறப்பர் மெத்தைதான். நெஞ்சு திக்கென்கிறது.

கிண்ணியா_நானா:
அஸ்ஸலாமு அலைக்கும். பெரிய பெரிய சட்டமெல்லாம் கதைக்கிறீர்கள், சந்தோஷம். நான் கிண்ணியாவில் பினாயில் நிரப்பி விற்கிறவன். சாயிபு கடைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் என் கான்தான் போகிறது. இந்தச் சட்டங்களால் அடி விழுவது எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குத்தான். பெரிய கம்பனி ரீவியில் '99.9 வீதம்' என்று காட்டினால் யாரும் கேட்பதில்லை. என் போத்தலில் ஒரு எழுத்து பிழைத்தால் கேள்வி வருகிறது. ஒரு மெஷின்காரன் ஏமாற்றினான் என்பதற்காக எல்லோரையும் கள்ளன் பட்டியலில் போடாதீர்கள்.

பழைய_லாப்:
நானா, கோபிக்காதீர்கள், உங்கள் பினாயிலில் நான் குறை சொல்லவில்லை. ஒரு கேள்வி மட்டும். உங்கள் லேபிளில் 'கிருமிகளைக் கொல்லும்' என்று இருக்கிறதா?

கிண்ணியா_நானா:
இல்லை. முன்பு இருந்தது. மகன் எடுத்துவிட்டான். இப்போது 'தரை கழுவும் திரவம், நறுமணம்' என்று மட்டும்தான்.

ஸ்காபரோக்_குளிர்:
நானாவின் மகனுக்கு ஒரு பெரிய சலாம். இந்த இழையிலேயே சட்டம் சரியாக விளங்கிய ஆள் அவர்தான். அமெரிக்காவில் ஒரே திரவத்தை ஒரே ட்ரம்மிலிருந்து இரண்டு போத்தலில் ஊற்றலாம். ஒன்றில் 'அழுக்கு நீக்கும்' என்று எழுதினால் பதிவு தேவையில்லை. மற்றதில் 'கிருமி கொல்லும்' என்று எழுதிய கணத்தில் அது பூச்சிகொல்லியாகி, வருடக்கணக்கான தரவும் கட்டணமும் கேட்கும். சட்டம் ட்ரம்மை விட்டுவிட்டு லேபிளில் உள்ள வினைச்சொல்லைப் பிடிக்கிறது.

அதே போத்தல் எல்லை தாண்டினால் ஜாதியும் மாறும். கனடாவில் கிருமிநீக்கியை மருந்து என்ற கணக்கில்தான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள், மருந்துக்குரிய எட்டு இலக்க எண் போத்தலில் இருக்கும். ஐரோப்பாவில் அது 'உயிர்கொல்லிப் பொருள்'. 528/2012 ஒழுங்குவிதி, 2013 செப்டெம்பரிலிருந்து நடைமுறை, 22 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, மாட்டுத் தொழுவத்துக்கு ஒன்று, உணவு படும் இடத்துக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று. மெஷின் விஷயத்தில் ஐரோப்பா கொஞ்சம் கெட்டி. ஓசோனை அந்த இடத்திலேயே உண்டாக்குகிற பெட்டி என்றாலும், உண்டாகிற ஓசோனை இரசாயனமாகவே கணக்கெடுப்பார்கள். கனடாவும் 2021 ஜூனில் யூவீ, ஓசோன் சாதனங்களுக்கு இடைக்கால உத்தரவு போட்டுப் பதிவைக் கேட்கத் தொடங்கியது. அமெரிக்க ஓட்டையைப் பார்த்துத்தான் என்று எனக்கு எண்ணம்.

கிண்ணியா_நானா:
அப்போ 99.9 என்பது பொய்யா?

பழைய_லாப்:
பொய் இல்லை, பாதி. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சுகிறது என்று அர்த்தம். பத்து லட்சம் கிருமி இருந்த இடத்தில் ஆயிரம் மிஞ்சும். அமெரிக்க விதிப்படி சாதாரணத் தரைக்கு 99.9 போதும், ஐந்து நிமிடத்துக்குள். சாப்பாட்டுப் பாத்திரம் படுகிற இடத்துக்கு 99.999, அதுவும் 30 விநாடிக்குள். 'டிஸின்ஃபெக்டன்ட்', அதாவது கிருமிநீக்கி, என்று போட வேண்டுமானால் சோதனை இன்னும் கடுமை. அந்த நிமிடக் கணக்கை விளம்பரத்தில் யாரும் காட்டுவதில்லை. துடைத்த கையோடு துணியால் உலர்த்திவிட்டுக் கிருமி செத்தது என்று போகிறோம்.

பினாயில் கதைக்கு வருகிறேன். இந்தியாவில் மருந்து விதிகளிலேயே பினாயில் வகைக்கு 'ஓ' அட்டவணை என்று தனி இடம் இருக்கிறது. கறுப்புத் திரவம், வெள்ளைத் திரவம் என்று பிரித்து, பினோல் என்ற இரசாயனத்தோடு ஒப்பிட்டால் எத்தனை மடங்கு வலிமை என்று பார்த்துத் தரம் போடுவார்கள். ரைடீல்–வாக்கர் எண் என்று பெயர், 1903இல் வந்த சோதனை. நாங்கள் படிக்கும்போது தைபோயிட் கிருமியை வைத்துத்தான் செய்து பார்த்தோம். நானா, உங்கள் பினாயிலை உப்புவெளிக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். பால் மாதிரி வராமல் திரிதிரியாகப் பிரிந்தால் உவர் தண்ணீர் அதன் வேலையைக் கெடுக்கிறது என்று அர்த்தம்.

கிண்ணியா_நானா:
அது எனக்குத் தெரியும் ஐயா, நிலாவெளிப் பக்கத்து வாடிக்கையாளர்கள் குழாய்த் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். இருந்தாலும் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

கொரியா_ரிட்டர்ன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் அன்சானில் தொழிற்சாலையில் ஆறு வருடம் இருந்தேன். இந்த லேபிள் விஷயத்தை யாராவது சின்னதாக நினைத்தால் கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வரண்டு போகும். ஈரப்பதம் கூட்ட எல்லா வீட்டிலும் ஒரு புகை விடுகிற பெட்டி இருக்கும். அந்தத் தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிக்காமல் இருக்க ஊற்றுகிற கிருமிநீக்கி 1994இல் கடைக்கு வந்தது. குழந்தைகள் தூங்குகிற அறையில்தான் அதிகம் பாவித்தார்கள். சில போத்தல்களில் குழந்தைக்கும் பாதுகாப்பானது என்றே எழுதியிருந்தது. பிறகு வந்த பல போத்தல்களில் இருந்த பீ.எச்.எம்.ஜி. என்ற பொருளை வேறு பாவனைகளுக்குத்தான் பார்த்திருந்தார்கள். நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று எவரும் சோதிக்கவில்லை. பெட்டியோ அதை நுண்ணிய துளியாக்கி மூக்குக்கு நேரே விடுகிறது.

2011 வசந்த காலத்தில் சியோலில் பிள்ளை பெற்ற தாய்மார் சிலர் ஒருவர் பின் ஒருவராக நுரையீரல் இறுகி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அப்போதுதான் தேடத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் காரணம் வெளியில் வந்தது, நவம்பரில் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். பதினேழு வருடம்! நான் இருந்த காலத்திலும் ஒட்சிசன் சிலிண்டரோடு சக்கர நாற்காலியில் வந்து வீதியில் பதாகை பிடித்தவர்களை ரீவியில் பார்த்திருக்கிறேன். பாவனைப் பொருள் இரசாயனங்களுக்கும் உயிர்கொல்லிகளுக்கும் தனிச் சட்டம் 2019 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் போத்தல் மருந்தும் இல்லை, பூச்சிகொல்லியும் இல்லை, சாதாரண வீட்டுச் சாமான் என்று இரண்டு அமைச்சுகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தது என்று எங்கள் போர்மன் சொல்வார்.

மூதூர்_ரீச்சர்:
வாசித்து முடித்தபோது கை குளிர்ந்துவிட்டது. எனக்குக் கொரோனாக் காலம் ஞாபகம் வருகிறது. ஒரு இடத்தின் வாசலில் பொலித்தீன் கூடாரம் கட்டி, உள்ளே போகிற எல்லோர் மேலும் குளோரின் தண்ணீர் தெளித்தார்கள். எனக்குக் கண் எரிந்தது, சேலை வெளிறியது. கேட்டதற்கு, கிருமி போகும் ரீச்சர் என்றார்கள். யார் சொன்னது என்று கேட்க அன்றைக்கு வாய் வரவில்லை.

பழைய_லாப்:
ரீச்சர், ஆட்கள் மேல் தெளிக்கவே கூடாது, எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் எழுத்தில் சொன்னது. இந்தியாவில் ஏப்ரலிலேயே மத்திய சுகாதார அமைச்சு வேண்டாம் என்று அறிவுறுத்தியும் கூடாரங்கள் நின்றபாடில்லை. கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், நவம்பரில் நீதிமன்றம் அரசைப் பார்த்து, 'வேண்டாம் என்று சொல்வது போதாது, தடை உத்தரவு போடு' என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. அறிவுரைக்கும் உத்தரவுக்கும் நடுவில் ஏழு மாதம் போயிற்று.

மூதூர்_ரீச்சர்:
சரி, அமெரிக்கா, கொரியா, இந்தியா எல்லாம் பார்த்தோம். நம் நாட்டில் இந்த மெஷினைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

பீஎச்ஐ_ஓய்வு:
இதற்குத்தான் காத்திருந்தேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக மாவட்டம் முழுக்க மோட்டார் சைக்கிளில் அலைந்தவன்.

நம் நாட்டில் ஒரே கதவு கிடையாது. மருந்தும் மருத்துவ சாதனமும், இரண்டுக்கும் நடுவில் நிற்கிற எல்லைக்கோட்டுப் பொருட்களும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குக் கீழே வரும். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முன் 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. நுளம்புச் சுருள், கரப்பான் மருந்து போன்றவை பீடைகொல்லிப் பதிவாளரிடம், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி. அதனால்தான் அந்தப் பெட்டிகளில் மூன்று மொழியிலும் எச்சரிக்கை இருக்கும். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர இலச்சினை எல்லாச் சாமானுக்கும் கட்டாயமில்லை என்பதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

ஆகவே அந்தப் பிரதிநிதியை அவருடைய வாயாலேயே பிடியுங்கள். 'ஹொஸ்பிட்டல் கிரேட்' என்கிறார் அல்லவா? ஆஸ்பத்திரிக்கு உரியது என்றால் ஔடத அதிகாரசபையின் பதிவுக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூட்டைப்பூச்சி சாகும் என்றால் பீடைகொல்லிப் பதிவாளர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். இரண்டும் இல்லை, சும்மா வீட்டுச் சாமான் என்று பின்வாங்கினால், அப்படியெல்லாம் செய்யும் என்று சொல்லி விற்றது பொய்க் கூற்று. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் முறைப்பாடு எடுப்பார்கள். வாய்ப்பேச்சை விடுங்கள், எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள்.

கானில் என்ன இருக்கிறது? குளோரின் மணமா?

உப்புவெளிக்காரன்:
மூடியைத் திறந்தால் நீச்சல் குளத்து மணம். உள்ளடக்கம் எழுதவில்லை. உற்பத்தித் திகதியும் இல்லை.

பீஎச்ஐ_ஓய்வு:
திகதி இல்லாத குளோரினைத் தொடவே வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்கு டீ.சீ.எல். என்கிற குளோரின் பவுடர் போட நாங்கள் போவோம். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்களவு குளோரின் இருக்கும். அதே பையை நம் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே சில மாதம் வைத்தால் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். அதைக் கணக்குப் பண்ணிப் போட்டுவிட்டு, அரை மணித்தியாலம் கழித்துச் சோதித்தால் லீட்டருக்கு 0.5 மில்லிகிராம் எதிர்பார்த்த இடத்தில் நிறமே வராது. வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார், நான் பையைப் பார்ப்பேன். காலாவதித் திகதியையும் களஞ்சிய வெப்பநிலையையும் சட்டம் கேட்பது சும்மா இல்லை.

முக்கியமாக, அந்தக் கானையும் கழிவறை கழுவுகிற அசிட்டையும் ஒரே வாளியில் ஊற்ற விடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். வேலைக்கு நிற்கிற பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

சீனன்குடா_77:
யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். பூஞ்சணம் ஏன் வந்தது? ஏசி வேலை செய்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன். அந்த இரண்டு அறைகளின் ஏசித் தண்ணீர்க் குழாய் எங்கே போய் விழுகிறது?

உப்புவெளிக்காரன்:
பின்சுவரோடு.

சீனன்குடா_77:
முடிந்தது கதை.

உப்புவெளிக்காரன்:
நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பிரதிநிதிக்கு அழைத்து, ஐயா சொன்ன மாதிரி மூன்று கேள்வியையும் கேட்டேன். ஓசோன் எவ்வளவு என்றதற்கு 'போதுமான அளவு' என்றார். பதிவுக் கடிதம் என்றதற்கு, 'இது மருத்துவ சாதனம் இல்லை சேர், வீட்டுப் பாவனைக்கு' என்றார். அப்போ ஹொஸ்பிட்டல் கிரேட் என்றீர்களே என்றேன். 'அது மார்க்கெட்டிங் சொல்' என்றார். எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள், 1977க்குக் கொடுக்க வேண்டும் என்றதும் குரல் மாறியது. நேற்று 10,000 கணக்குக்கு வந்தது. மிச்சம் 5,000 'போக்குவரத்துச் செலவாம்'. மனைவி அதையும் விடுகிறதாக இல்லை.

ஏசிக் குழாயை வெளியே நீட்டியாயிற்று. சுவர்ப் பூச்சை ஒரு முழத்துக்குச் சுரண்டிவிட்டுக் காய விட்டிருக்கிறோம். மெத்தைகள் மேல்மாடியில். மெத்தைக்கு வெயில் படும், மேசன் பாஸ் ஒருவர் கிடைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன், இப்போது காகம்தான் பிரச்சினை. தரை கழுவ நானாவிடம் ஒரு கான் எடுக்கலாமா?

கிண்ணியா_நானா:
தாராளமாக. வெள்ளிக்கிழமை தொழுகை முடிய உப்புவெளிப் பக்கம் வருகிறேன், கொண்டுவந்து தருகிறேன். ஆனால் கிருமி சாகுமா என்று மட்டும் என்னிடம் கேட்கக் கூடாது. அப்படி நான் எங்கேயும் எழுதவில்லை.